என்ஜின் மூடியும் எங்கள் மேஜையும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மறைப்பானேன்? அந்தக் கோபத்தை அதிகம் கிளப்பியது ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

கார் பானெட்டைத் தூக்கினால் என்ஜின் மேல் பளபளவென்று ஒரு மூடி உட்கார்ந்திருக்குமே, அதுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் எதைத் திறந்தாலும் அது இருக்கும். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் அந்த மூடியைச் செய்கிற ஒரு கம்பெனியில் நான் கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்தேன். மெஷினிலிருந்து சூடாக விழுகிற மூடியின் பிசிறை ஒரு மேஜையில் சீவுவார்கள். அடுத்த மேஜை எங்களுடையது. மூடியைக் கவிழ்த்துப் போட்டு உள்பக்கம் ஃபோம் ஒட்ட வேண்டும். மெத்தைக்குள் இருக்குமே, அந்த மாதிரிதான், கறுப்பு நிறம், பின்னால் பசைத் தாள். தாளை உரி, வை, அழுத்து. ஐந்து பெண்கள். நான் லீடர். லீடர் என்றால் திட்டு வாங்குவதில் முதல் ஆள், வேறொன்றுமில்லை. ஆனாலும் என் பிறவியில் என்னை யாராவது லீடர் என்று கூப்பிட்டது அந்த மேஜையில்தான்.

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். பெரும்பாலும் பெரியபாளையத்துக் கோயில் சவாரி. வண்டி அவர் கைக்கு வந்த அன்று பானெட்டைத் திறந்தவர் என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் எங்கள் மூடி! தெருவில் போனவர்களை எல்லாம் நிறுத்தி, "இத நாங்கதான் செய்றோம்" என்று காட்டினேன். அந்தப் பெருமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஆயில் பார்க்கும்போதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு, ஒருநாள் வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். கிளிப் உடைந்தது. மூடியைக் கொண்டுபோய்க் கோழிக் கூடையின் மேல் மழைக்குக் கவிழ்த்து வைத்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ற? அது என்ஜினுக்குப் போட்டது!"

"என்ஜின் வந்து கேட்டுச்சா? சும்மா ஷோமே அது. இல்லாமலே வண்டி ஜம்முனு ஓடுது. கோழியாவது நனையாம கெடக்கட்டும்."

ஷோ என்கிற அந்த ஒரு சொல்லில் எனக்கு வயிறு எரிந்தது. காலையில் நாஷ்டா கட்டி, வேனைப் பிடித்து, நாள் முழுக்க நின்று, விரலெல்லாம் பசை. எதற்கு? கோழிக் கூடைக்கு மூடியா?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேஜைப் பெண்களிடம் கேட்டேன், இது எதற்குத்தான் என்று. ஒருத்தி தூசுக்கு என்றாள். இன்னொருத்தி எலி வராமலிருக்க என்றாள். எலியா? என் வீட்டுக்காரர் கழற்றியபோது அதற்கடியில்தான் எலி வைக்கோலைப் பரப்பிக் குடித்தனம் நடத்தியிருந்தது. எங்களிலேயே சின்னவள், காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவள், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"நைட்டி மேல துண்டப் போட்டுக்கினு கடைக்குப் போறோம் இல்லக்கா? அது மாதிரிதான். உள்ள ஒயரும் குழாயும் அலங்கோலமா கீது. மேல ஒண்ணு போத்தி வுட்டுக்கீறான்."

புரையேறச் சிரித்தோம். அந்தப் பக்கமாக வந்த சூப்பர்வைசர் நின்று, "சத்தம் கம்மியாவறதுக்கும்மா. அதுக்குத்தான நீங்க ஃபோம் ஒட்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

காதில் வாங்காததற்குக் காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது. மூடியின் ஓரத்தில் ஃபோம் எட்டிப் பார்க்கிறதாம், அசிங்கமாக இருக்கிறதாம். "வெளிய தெரியக் கூடாது, அவ்ளோதான்" என்று கத்திவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தோம். சுற்றிலும் இரண்டு விரல் உள்ளே தள்ளி வெட்டி ஒட்டினோம். கையில் பழகப் பழக இரண்டு விரல் நாலு விரலாயிற்று. பார்க்க எவ்வளவு நறுவிசாக இருக்கும் தெரியுமா! ஒரு மூடிகூடத் திரும்பவில்லை. வெட்டிய துண்டுகளை முறை வைத்து எடுத்துக்கொண்டு போவோம்; குப்பைதானே என்று கேட்டில் விட்டுவிடுவார்கள். ஐந்து வீட்டிலும் தலையணை அந்த ஃபோம்தான். என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மெத்தையும் அதுதான்.

ஒரு ஆடி மாதத்தில் பேச்சு கிளம்பியது. கார் கம்பெனிக்காரர்கள் வரப்போகிறார்கள், மூடியால் பிரயோஜனம் உண்டா என்று பார்க்கப்போகிறார்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். மூடி நின்றால் மெஷின் நிற்காது, வேறு எதையாவது வார்க்கும். எங்கள் மேஜைக்கு வேறு வேலை ஏது? ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் சொன்னேன். வழக்கமாகக் கிண்டல் பண்ணுகிற மனுஷன், அன்றைக்கு எழுந்துபோய் வண்டியைத் துடைத்தார்.

வந்தார்கள். ஷெட்டுக்குப் பின்னால் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, சத்தம் அளக்கிற கருவியை ஒரு ஸ்டாண்டில் வைத்தார்கள். மூடியோடு ஓடவிட்டார்கள். மூடியைக் கழற்றி ஓடவிட்டார்கள். ஷட்டர் ஓரத்தில் கூடி நின்று நாங்கள் பார்த்தோம். வந்தவர்களில் இளவயசு இன்ஜினியர் ஒருவர் கருவியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் எங்கள் சூப்பர்வைசரிடம்.

கழற்றிய மூடியைத் தரையில் மல்லாத்தி வைத்திருந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய மூடிக்குள் நட்ட நடுவில் ஃபோம், பெரிய நெற்றியில் சின்னப் பொட்டு வைத்த மாதிரி. எங்கள் கைதான். எங்கள் நறுவிசுதான். ஐயோ, சத்தத்தைக் குடிக்க வேண்டியதை எல்லாம் வெட்டித் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறோமே!

யோசிக்கவில்லை, ஓடினேன். "உள்ள போம்மா" என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார். நான் இன்ஜினியரைப் பார்த்துச் சொன்னேன்: "சார், ஒரே ஒரு நிமிசம். ஃபோம முழுசா ஒட்டிக் குடுக்கறேன். இன்னொரு வாட்டி பாருங்க சார். நாங்க வெட்டிட்டோம் சார், ஓரத்துல தெரியக் கூடாதுன்னு வெட்டிட்டோம்."

அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, சரி என்று தலையாட்டினார். மேஜைக்கு ஓடி, ஐந்து பேருமாக ஒரு மூடிக்கு ஓரம்வரை ஒட்டினோம். இடுக்கு விடாமல் அழுத்தினோம். ஃபோம் விளிம்புக்கு வெளியே அசிங்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. நீட்டட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டி, ஓடவிட்டார்கள். அவர் கருவியைப் பார்த்தார். குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடி பார்த்தார்.

"ஆமாம்மா. கொறஞ்சிருக்கு. நல்லாவே கொறஞ்சிருக்கு."

ஷட்டர் ஓரத்தில் எங்கள் பெண்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்ப மூடி வேணும்தானே சார்?" என்றேன்.

அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. "இல்லம்மா, புது மாடலுக்கு டிராயிங் முன்னாடியே முடிஞ்சிடுச்சு. அதுல இந்தக் கவர் கெடையாது. அளந்து பாத்தோம்னு ஃபைல்ல ஒரு பேப்பர் வைக்கணும், அதுக்குத்தான் வந்தோம்."

யாரைத் திட்டுவது? அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. சூப்பர்வைசருக்கே அது தெரியாது என்பது அவர் விழித்த விழியில் தெரிந்தது. அந்த டிராயிங்கை யார் போட்டார்கள், எந்த ஊரில் உட்கார்ந்து போட்டார்கள்? அங்கே போய்ச் சண்டை பிடிக்க எனக்கு வழி தெரியுமா? விரலில் ஒட்டிய பசையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பானெட்டை மூடிவிட்டுக் கிளம்பினார்கள். நாங்கள் முழுசாக ஒட்டிய மூடியும் அந்தக் காரோடு போய்விட்டது.

ஆடி முடிவதற்குள் மேஜையை எடுத்துவிட்டார்கள். "ஏதாவது இருந்தா சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்தால் என் வீட்டுக்காரரின் கார் நின்றது. கோயில் சவாரி முடித்து நேரே வந்திருக்கிறார், முன்பக்கம் கட்டிய வேப்பிலை வாடித் தொங்கியது. நான் ஏறி உட்கார்ந்தேன். கவரைப்பேட்டையில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டுவிட்டு அவர் ஆரம்பித்தார்.

"இன்னாமே, ஒண்ணும் கவனிக்கலியா? என்ஜின் சத்தம் எப்படிக் கீது பாரு."

"ஏன், இன்னாச்சு?"

"மூடியக் கழுவி மாட்டிக்கினேன். கிளிப்தான் இல்ல, கம்பி போட்டுக் கட்டிக்கீறேன். காலையிலருந்து பாக்கறேன், நல்லாக் கொறஞ்சி கீது சத்தம். நான்தான் தெரியாம பேசிக்கினு இருந்தேன்."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மழையிலும் அதே கடகடா, ஒரு துளி குறையவில்லை. குறையாது. அந்த மூடிக்குள் இருப்பது நாங்கள் நாலு விரல் வெட்டி ஒட்டிய ஃபோம். வெட்டிய மிச்சம் அவருக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் கோழிகள் நனைந்துகொண்டிருக்கும்.

"ஆமாய்யா, கொறஞ்சிதான் கீது" என்றேன்.