நாலாம் லைன் பாக்கெட்

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் அதன் முதுகை என்றாவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? விலையைச் சொல்லவில்லை. காகிதம் ஒட்டிய மடிப்பில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும். செய்த நாள், அதற்குமேல் சாப்பிடக் கூடாத நாள், எந்த லைனில், எந்த ஷிப்டில் காகிதம் சுற்றியது என்ற எண்கள். பத்தொன்பது வருடம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதரின் கதை இது.

பிஸ்கட் ஆலையில் நாலாம் லைனின் கடைக்கோடி அவர் இடம். பாக்கெட்டுகள் பெல்ட்டில் ஓடி வரும். தேதி மங்கியிருந்தாலோ, இழுபட்டிருந்தாலோ, விழாமலே போயிருந்தாலோ எடுத்து ஓரத்துக் கூடையில் போட வேண்டும். ஷிப்டு முடிந்து கண்ணை மூடினாலும் எண்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆலையில் அவருக்கு ‘தேதி அண்ணன்’ என்றே பெயர். வீட்டிலும் அதே கதைதான். மருந்து பாட்டில், பற்பசை எல்லாவற்றுக்கும் தேதி பார்க்கிற மனுஷன் கல்யாண நாளை மட்டும் மறந்துவிடுவார் என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

ஒரே மகள் வெளிநாட்டில். பேத்திக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, அங்கே அவளுக்குக் காலை, இவர் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவார். இவர் கையில் ஒரு க்ரீம் பிஸ்கட், அவள் கையிலும் அதே க்ரீம் பிஸ்கட். ஆலையின் சரக்கு கப்பலேறி மகள் வீட்டுத் தெருமுனைக் கடைவரை போய்விடுகிறது. பேத்தி ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து கடிக்க வேண்டும். அவள் கடிக்கிற சத்தம் ஒரு விநாடி பிந்தித்தான் இவர் காதுக்கு வரும். அந்த ஒரு விநாடி இவர் மெல்லாமல் காத்திருப்பார். பிஸ்கட்டை ஓரம் ஓரமாகக் கொறித்து நடுவை மிச்சம் வைப்பதால் அவளுக்குச் ‘சுண்டெலி’ என்று பெயர் வைத்திருந்தார்.

அவளுக்கு முன்பல் விழுந்தது இவருக்குத் தெரியும். புருவத்துக்கு மேல் தழும்பு எப்படி வந்தது என்று தெரியும். தூக்கினால் எவ்வளவு கனம் இருப்பாள் என்று தெரியாது. ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

பாக்கெட்டின் முதுகைப் படிக்க அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார். நாலு என்று இருந்தால் அது தாத்தா கண்ணால் பார்த்து அனுப்பியது. அதிலிருந்து கடைக்குப் போனால் அலமாரியைப் புரட்டிப் போடாமல் அவள் வருவதில்லை என்று மகள் அலுத்துக்கொள்வாள். ஒரு ஞாயிறு, திரை முழுக்க ஒரு பாக்கெட்டின் முதுகு தெரிந்தது. நாலாம் லைன். இவருடைய ஷிப்டு.

“இத இப்ப பிரிக்க மாட்டேன். நீங்க வந்தப்புறம்தான், ஆளுக்குப் பாதி” என்றாள் சுண்டெலி.

அவர் வழக்கப்படி தேதியைத்தான் முதலில் பார்த்தார். இன்னும் மூன்று மாதம் பதிமூன்று நாள்.

வருவதாகத்தான் பேச்சு. மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு இரவு வேலை. பிரசவத்தின்போது பெரியவளைப் பார்த்துக்கொள்ள அப்பா வந்தால் போதும் என்று மகள் அழைத்திருந்தாள். விசாவுக்குக் கேட்ட காகிதங்களில் ஒன்றுதான் இடித்தது. இவர் இங்கே வேலையில் இருக்கிறார், திரும்பி வந்தால் வேலை காத்திருக்கும் என்று ஆலை தரவேண்டிய கடிதம்.

ஆபீஸில் இருந்த அதிகாரி, இவர் மகளைவிட இளையவர், மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, பெயரே இல்லை, நீங்கள் காண்ட்ராக்டர் ஆள் என்றார். டயர் கடை மாடியில் இருந்த காண்ட்ராக்டரோ, வேலை வாங்குவது அவர்கள், லெட்டர் மட்டும் என் தலையிலா என்று விரட்டினார். ஆலைக்கும் டயர் கடைக்கும் ஏழு வாரம் நடந்தார். கடைசியில் காண்ட்ராக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். அதில், இன்னார் ஏழு மாதமாக வேலை செய்கிறார், இன்னும் நாலு மாதத்தில் வேலை முடிகிறது என்று இருந்தது.

பொய் என்று சொல்ல முடியாது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவரை வேலையிலிருந்து நிறுத்தி, இரண்டு நாள் வீட்டில் உட்காரவைத்து, மறுபடி புதிதாகச் சேர்ப்பார்கள். பழைய கையெழுத்து, புதிய தேதி. நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டுவிடக் கூடாதே என்ற முன்னேற்பாடு. அதனால் பத்தொன்பது வருடம் நின்று நின்று முட்டி தேய்ந்த மனிதர் காகிதத்தில் ஏழு மாதக் குழந்தை.

விசா கிடைக்கவில்லை. விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்று நம்புவதற்குக் காரணம் இல்லையாம். லைனில் இருந்தவர்கள் ஆறுதலாக, நேரம் சரியில்லை அண்ணே, எல்லாம் தலையெழுத்து என்றார்கள். வானத்தில் எந்தக் கிரகம் எங்கே நின்றால் என்ன? ஒரு லெட்டர்பேடு, ஒரு பேனா, ஒரு கையெழுத்து. இவை மூன்றும் ஆலை ஆபீஸில் ஒரே மேசையில் இருந்தன. எழுதவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு பாக்கெட்டோடு அந்த மேசை முன்னால் போய் நின்றார்.

“சார், இது யாரு கம்பெனி பாக்கெட்?”

“நம்ம கம்பெனிதான். ஏன்ண்ணே?”

“இதுல போட்ட தேதி?”

“நம்ம தேதிதான்.”

“சரியா இருக்குன்னு பாத்து விட்டது நான். அப்ப நான் யாரு ஆளு?”

அதிகாரி பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, தனக்கே ரெண்டு வருஷ ஒப்பந்தம்தான் என்றார். தேதி அண்ணன் பாக்கெட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்து லைனில் வைத்தார். இல்லாவிட்டால் திருட்டு என்று எழுதிவிடுவார்கள்.

மகளுக்குப் பையன் பிறந்தான். அந்த மூன்று நாளும் சுண்டெலி பக்கத்து வீட்டில், மொழி தெரியாத ஒரு அம்மாவிடம் தூங்கினாள்.

பாக்கெட்டின் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. நாலு மணிக்குப் போன் வந்தது. பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் தொட்டில். ஒன்று, இரண்டு சொல்லவில்லை.

“தாத்தா, தேதி போடுற இடத்துலதான நீங்க இருக்கீங்க? இதுக்கு வேற தேதி போட்டுத் தர முடியாதா?”

அவர் சர்க்கரை டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தினார். போன் சரிந்தது. மறுபடி நிமிர்த்தினார்.

“அப்படிச் செய்யக் கூடாதும்மா. பழசுக்குப் புதுத் தேதி அடிச்சா அது ஏமாத்து வேலை.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. படம் நின்றுவிட்டது என்று நினைத்து அவள் தாத்தா, தாத்தா என்று திரையைத் தட்டினாள். இருக்கேன், பிரி என்றார்.

அவள் பிரித்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்தாள். உடைகிற சத்தம் ஒரு விநாடி கழித்து இங்கே வந்தது. ஒரு பாதியைக் கொறித்தாள். மறு பாதியைக் காகிதத்தில் வைத்து, அது ஒட்டியிருந்த மடிப்பின்படியே மடித்தாள்.

“இது உங்களோடது. நாளையிலேருந்து நீங்க சாப்பிட வேணாம். வந்து பாத்தா போதும்.”

அவர் கையிலிருந்த பிஸ்கட் அப்படியே இருந்தது. நீங்க கடிக்கவே இல்லை, ஏமாத்துறீங்க என்று அவள் பிடித்துவிட்டாள். கடித்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நாலாம் லைனின் கடைசியில் நின்றார். எண்கள் ஓடி வந்தன.

உங்கள் இடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். வாசலில், சமையல்கூடத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், வருடா வருடம் புதிதாகச் சேருகிற பழைய ஆள். நாளைக்கு அவரிடம் முதன்முதலாக வேலைக்கு வந்த தேதி என்னவென்று கேளுங்கள். கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் நீங்கள் இருந்தால், அந்தத் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால், அந்த நாற்காலிக்கு முன்னால் அவரோடு போய் நில்லுங்கள்.