கோலியனூரிலிருந்து வந்த பல்லி

1. சண்டையோடு தொடங்கிய காலை

பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் போர்டுதான் எங்கள் சரக்கு. முன்பு போர்டு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். திண்டிவனத்தில் அதைப் பெட்டியில் மாட்டி அனுப்புவோம், அவ்வளவுதான். பிறகு போர்டையே இங்கே செய்ய ஆரம்பித்தோம். நான் டெஸ்டிங் சூப்பர்வைசர். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மறைப்பானேன்!

மூன்றாவது மாதம், ஒருநாள் காலை ஷிப்டு தொடங்கும்போதே மொபெட்டில் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருத்தர் வந்துவிட்டார். கோலியனூர் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கும் விவசாயி, பெயர் ஏழுமலை.

"ரெண்டு நாளா மோட்டார் எடுக்கலம்மா. மல்லாட்டை விழுது இறங்கிக்கினு இருக்கு. இப்போ தண்ணி விடலன்னா செடியப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்."

"எங்க போர்டு டெஸ்ட் பாஸ் ஆகித்தாங்க வெளிய போகுது. உங்க ஊரு கரண்டுதான் பேஜாரு பண்ணியிருக்கும்."

"கரண்டா? நீயே தொறந்து பாரும்மா."

திறந்தேன். போர்டின் மேல் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. போர்டு சூடாகக் கூடாது என்று பெட்டியின் காற்றுத் துளையைப் பெரிசாக்கச் சொன்னவளே நான்தான். ஏசி ரூமில் டெஸ்ட் பண்ணுகிற எனக்குப் பல்லி எங்கே ஞாபகம் வரும்?

2. சாயங்காலத்துக்குள்

மேனேஜர் பாஸ்கரன் சார் எட்டிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். சிரித்தார்.

"கப்பல் போர்டா இருந்தா நாம மெயில் போட்டு, அவன் பதில் போட்டு, கன்டெய்னர் வர்றதுக்குள்ள இவரு அறுவடையே முடிஞ்சிருக்கும். டிசைன் பண்ண பொண்ணு மாடியிலதானே இருக்கு? ஜல்தி கூப்பிடுங்க."

டிசைனர் கவிதா வந்து பார்த்தாள். ஒரு ரிலே சுவிட்சும் போர்டில் ஓடும் இரண்டு செம்புக் கோடும்தான் எரிந்து போயிருந்தன. கப்பல் போர்டுக்கு சர்க்யூட் படம்கூடத் தரமாட்டார்கள்; ஒரு பார்ட் போனாலும் முழு போர்டும் குப்பைதான். அப்படிப்பட்ட போர்டுகள் ஸ்டோரில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது எனக்குத் தெரியும். ஏழுமலையின் போர்டை அவள் சரிபண்ணி, மேலே வார்னிஷ் கோட்டிங் அடித்தாள். துளைக்கு நான் கம்பி வலை வைத்தேன். ஏழுமலை அதுவரை கேன்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டார்.

"தப்பு என்னுதுதாங்க," என்றேன். என் வீட்டுக்காரரிடம்கூட நான் இப்படிச் சொன்னதில்லை.

"வுடும்மா. அந்தப் பல்லி மேலயும் தப்பு இருக்குது."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஊர் போய்ச் சேர்ந்த ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் போனை அப்படியே வாய்க்கால் பக்கம் பிடித்தார். தண்ணீர் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிய துளையோடு போன மற்ற பெட்டிகளும் விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தன. ஒரே வண்டி, இரண்டு நாள், எல்லாம் வலை மாட்டத் திரும்பி வந்தன. போனதும் வந்ததும் அதே பிளாஸ்டிக் கிரேட்டில். தெர்மோகோல் ஒரு துண்டு கிடையாது. ஒரு போர்டையும் தூக்கிப் போடவில்லை.

3. புது ஆள்

இப்போது என் டெஸ்டிங் மேஜையில் ஒரு ரப்பர் பல்லி இருக்கிறது. அது நுழைய முடியாத பெட்டிதான் பாஸ். அறுவடை முடிந்து அவித்த மல்லாட்டையோடு வந்த ஏழுமலை அதைப் பார்த்துவிட்டார்.

"அடேங்கப்பா! என் பல்லிக்கு இங்கயே வேலை போட்டுக் குடுத்துட்டியாம்மா?"

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நம் சரக்கு போகிற ஊர் மொபெட் தூரத்தில் இருக்கிறது. குறை சொல்ல ஆள் நேரே வந்துவிடுவார். வந்தால் முதலில் பெட்டியைத் திறங்கள், அப்புறம் வாயைத் திறக்கலாம்.