ஆற்றிக் குடித்த ஒயின்

எங்கள் சிங்காநல்லூர் வீட்டில் ஒயின் பாட்டில் திறந்தது ஒரே முறைதான். மெல்போர்னிலிருந்து சித்திரை வெயிலில் விடுமுறைக்கு வந்த மகள், ஸ்பார்க்கிளிங் ஒயினில் நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும் கலந்து நீட்டினாள்.

"வெயிலுக்கு நல்லா இருக்குமுங்கம்மா, ஒரு வாய் குடிங்க."

சர்பத் அடியிலேயே தங்கியிருந்தது. காபி ஆற்றும் பழக்கத்தில் இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றிவிட்டேன். நுரை மொத்தமும் போய்விட்டது.

"அதுல நொரைதானுங்கம்மா எல்லாமே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆளுக்குப் பாதி குடித்தோம்.

நேற்று வீடியோ காலில் அதையே கலந்தாள். நுரை பொங்கியதும் இன்னொரு டம்ளரை எடுத்து ஆற்றத் தொடங்கினாள்.

"நொரை போயிருமே கண்ணு?"

"போகட்டுங்கம்மா. அப்பத்தான் நம்மூட்டு ருசி வருது."

பாதி எனக்குக் கொடு என்று வாய்வரை வந்தது. போனை முகத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்துக்கொண்டேன்.