பிந்திச் சிரித்தவள்

என் தங்கை மகளுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பெங்களூரில் வேலை, ஊரில் சொந்த வீடு, வாசலில் கார். தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. "நீ போய் ஒரு நாள் அந்த வீட்டுல இருந்துட்டு வாக்கா. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று என்னை அனுப்பினாள். திருச்சியிலிருந்து மதுரையைத் தாண்டி அதுவரை போயிராத நான், இரவு ரயில் ஏறி விடியலில் நாகர்கோவிலில் இறங்கினேன்.

மாப்பிள்ளையின் அப்பா காரோடு வந்திருந்தார். கார் கிளம்புவதற்கு முன்பே பெருமையும் கிளம்பிவிட்டது. "எங்க வீட்டுல ரெண்டு பாஷை, கேட்டியளா? எனக்கு இந்த ஊரு, வீட்டுக்காரி கேரளத்துல நெய்யாற்றின்கரை. பிள்ளையளுக்கு ரெண்டும் ஒண்ணுபோலதான்." வீடு வருவதற்குள் இதை மூன்று விதமாகச் சொல்லி முடித்தார். என் ஊரில் மூன்று மொழி பேசுகிறவர் சாலையோரம் பழம் விற்கிறார். அவர் இதற்கு இவ்வளவு நெஞ்சை நிமிர்த்தி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கார அம்மாள் வாசலுக்கே வந்து, "வரணும், வரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல வரவேற்புதான். ஆனால் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே அந்த இரு மொழிப் பெருமையின் உள்வேலை எனக்குப் புரிந்துபோனது. அம்மா, அப்பா, லீவில் வந்திருந்த பையன் மூவரும் தங்களுக்குள் பேசியது மலையாளம். தமிழை என்னிடமும், காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடமும், மூத்த மருமகளிடமும் பேசினார்கள். பத்திரிகையும் இரண்டு வந்தது. மலையாளப் பத்திரிகையைப் படித்தார்கள், தமிழ்ப் பத்திரிகையை விரித்துக் காய் நறுக்கினார்கள்.

மூத்த மருமகள் அஞ்சுகிராமத்துப் பெண். காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த வீட்டில் அவள் வெளிநாட்டுக்காரி மாதிரி இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இன்னும் இல்லை, கணவன் மஸ்கட்டில். "ஏட்டி, குடிக்க வெள்ளம் கொண்டா." "ஏட்டி, பப்படத்த இங்க வை." அவள் காதில் விழுந்த தமிழ் அவ்வளவுதான். வேலை ஏவ மட்டும் ஒரு மொழியை வைத்திருப்பதற்கு ஏன் இவ்வளவு பீற்றல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலைப் பலகாரம் புட்டும் பயறும், கூட மட்டிப் பழம். அதில் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளைப் பையன் பழத்தை உரித்தபடி மலையாளத்தில் ஏதோ வேகமாகச் சொன்னான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருமகள் பப்படத் தட்டோடு நின்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அதற்குள் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். நடுக்கூடத்தில் அவள் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது.

"என்ன விஷயம்?" என்றேன்.

"அது தமிழில சொன்னா ருசி போயிரும்" என்றார் வீட்டுக்கார அம்மாள். என்னமோ பாயசத்தைப் பற்றிப் பேசுவது போல.

எனக்குக் கடல் காட்ட வேண்டும் என்று முட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். பிளாஸ்க், குடை, தின்பண்டப் பை எல்லாம் மருமகள் கையில். பாறையில் ஏறும்போது அவள் செருப்பு வார் அறுந்தது. அதையும் கையில் எடுத்துக்கொண்டு, வெயிலில் காய்ந்த பாறையின் சூடு பொறுக்காமல் தத்தித் தத்தி வந்தாள். பையனை எங்களுக்கு முன்னால் ஒரு பாறையில் நிறுத்தியிருந்தது கடவுளாகத்தான் இருக்க வேண்டும், அவன் யார் என்று எனக்குக் காட்ட. அவன் அவளைப் போலவே தத்திக் காட்டி ஏதோ சொன்னான். அதில் 'பாண்டி' என்ற ஒரு சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. கிழக்குப் பக்கத்துத் தமிழர்களை மட்டம் தட்ட அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. அஞ்சுகிராமம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையோரம் என்பதால் அவள் பாண்டி என்றால், திருச்சிக்காரி நான் எந்தக் கணக்கில் சேர்த்தி?

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா நாகரிகமானவர், கலங்கரை விளக்கத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். மருமகள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும், வழக்கம்போல் பிந்தி, சிரித்தாள்.

"எங்களுக்கும் சொல்லுங்க தம்பி, நாங்களும் சிரிக்கிறோம்" என்றேன்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி, சும்மா" என்றான். பெங்களூரில் கற்றுக்கொண்ட மரியாதை.

மதியம் தீயலும் அவியலுமாகச் சாப்பாடு. உண்ட களைப்பில் மூவரும் தூங்கப் போனார்கள். நான் படுத்திருந்த அறைக்குள் மருமகள் மெல்ல வந்தாள்.

"பெரியம்மா, ஒறங்கலியா?"

என் தங்கை மகள் என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். எழுந்து உட்கார்ந்தேன். இந்த வீட்டின் கதையெல்லாம் இப்போது கொட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கத் தயாராகத்தான் இருந்தேன்.

"உங்க பிள்ளைய இங்க தந்துருங்க பெரியம்மா. ஒரு குறையும் கிடையாது. அத்தைக்குச் சத்தம்தான் பெருசு, மனசு தங்கம். கொழுந்தன் சும்மா வெளையாட்டுக்குப் பேசுவாரு. கல்யாணம் முடிஞ்சா கொஞ்ச நாளு பிள்ளைய இங்கதான் விடுவாவளாம். மாடியில உள்ள ரூம நான் தூத்துப் போட்டிருக்கேன். நல்ல காத்து வரும்."

அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"அவளுக்கு மலையாளம் தெரியுமா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"ஒரு எழுத்துக்கூடத் தெரியாது."

நான் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் போல் ஒரு முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. "நல்லதாப் போச்சு! தெரியாண்டாம் பெரியம்மா. நான் இருக்கேன்லா? நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுவோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என்ன பிடிக்கும், சீரியல் பார்ப்பாளா, அதிகம் பேசுவாளா என்று ஓயாமல் கேட்டாள். மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சு. அந்த வீட்டு மூன்று பேரையும் தூக்கத்திலிருந்து எழுப்பி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் எனக்கு வாய் துடித்தது. ஆனால் நாலு வார்த்தைக்கும் மறுநாள் அடி வாங்குகிறவள் இவளாகத்தான் இருப்பாள்.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் எல்லோரும் நின்றார்கள். "எங்க வீடு பிடிச்சுதா?" என்றார் அம்மாள். மருமகள் என் வாயையே பார்த்தாள், காலையில் அவர்கள் வாயைப் பார்த்தது போல.

"ஊருக்குப் போய் நல்லதா சொல்றேன்" என்றேன்.

மற்ற மூவரும் சிரிப்பதற்கு முன்னால் அவள் சிரித்துவிட்டாள்.

ரயில் வள்ளியூர் தாண்டியதும் தங்கை போன் செய்தாள். வேண்டாம் என்றேன்.

"ஏங்க்கா? மூத்த மருமக ஏதாவது குறை சொன்னாளா?"

"இல்ல. கையப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளைய எப்படியாவது அனுப்புங்கன்னு கெஞ்சினா."

"அப்புறம் என்னக்கா?"

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன்."