அடுப்பில் வைத்த கொப்பி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கூச்சத்தில் யாரிடமும் சொல்லாத தவறொன்றை எழுதுகிறேன்.

குருநகரில் இராணுவம் அடிக்கடி சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடிய காலம். என் மகளைத் துறவறத்துக்குச் சேர்க்க ஸ்பெயின் நாட்டு மடமொன்று சம்மதித்திருந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பாஷையில் சோதனை; தவறினால் பயணமில்லை. பேசுகிறேன், பேசினேன், பேசுவேன், பேசட்டும் என்று ஒரே சொல்லை அவர்கள் பாஷையில் மாற்றி மாற்றிக் கொப்பி நிறைய எழுதியிருந்தாள். நான் மீன் வெட்டும்போது பக்கத்தில் இருந்து சத்தமாகப் பாடமாக்குவாள்.

செவ்வாய் காலை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டுக்கு வரும் ஒழுங்கை முனையில் ஆமி. விளங்காத எழுத்தைக் கண்டால் இரகசியச் செய்தி என்று பிள்ளையைக் கொண்டுபோவார்களே என்ற பயத்தில் கொப்பியை அடுப்பில் வைத்தேன். வந்தவர்கள் கட்டிலுக்குக் கீழே மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகள் வந்து சாம்பலைப் பார்த்தாள்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அம்மா! இனி ஆரிட்டைப் போய்ப் படிக்கிறது? படிப்பிச்ச சிஸ்டரும் ஊரிலை இல்லை."

மீன் வெட்டக் குந்தினேன். கத்தியைப் பிடித்ததும் வாய் தானாக, "ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா" என்று அவளுடைய ‘பேசுகிறேன்’ பாடத்தைச் சொன்னது.

"உது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ கத்தினதெல்லாம் காதிலை கிடக்கு, பிள்ளை. எழுது."

"நேற்றுப் பேசினது?"

"ஆப்லே, ஆப்லாஸ்தே, ஆப்லோ."

மேலே ஹெலிகொப்டர் சுற்றியது. குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சொன்னேன்.

அவள் சோதனையில் தேறி ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். இன்றும் வானத்தில் இரைச்சல் கேட்டால் என் வாய் ஆப்லோ என்கிறது. கைதான் இன்னமும் அடுப்பைத் தேடுகிறது.