சீசன் லீவில் வாங்கிய கடை

முதலில் ‘டம்’மென்று சத்தம்; அப்புறம்தான் புதுக் கடையின் ஷட்டரையே தூக்கினேன். பிரஸ்ஸில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற நாங்கள் மெஷின் கோளாறைக் காதால் பிடிப்போம். இடம் வாங்கும்போது மட்டும் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிடுவோம். ஏமாந்தவர்களே, கேளுங்கள்.

பார்க்கப் போன நாள்

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல் பக்கம் அந்தக் கடையைப் புரோக்கர் காட்டியது தீபாவளி முடிந்த வாரம். பட்டாசுக் கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. பகலில் சொந்தமாகப் புத்தக பைண்டிங், ராத்திரி தூக்கம், மிச்ச ஆயுசையாவது மனுசனாகக் கழிக்கலாம் என்ற ஆசையில், பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று ஒப்புக்குத்தான் கேட்டேன்.

“பூட்டிப்போன தீப்பெட்டிக் கம்பெனி அண்ணாச்சி. இங்கன காக்கா கூடக் கத்தாது.”

லீவு முடிந்த நாள்

பத்திரம் முடிந்தது; லீவும் முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற பட்டாசுக் கம்பெனி! கம்பெனிக்கும் கடைக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை, பேப்பர் கட்டிங் மெஷின் வைக்க லைசென்ஸ் கிடையாது என்று ஆபீஸில் கைவிரித்தார்கள். நேரே புரோக்கரிடம் போனேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தான்.

“சிவகாசியில பொறந்துட்டு வெடிச் சத்தத்துக்குப் பயந்தா எப்படி அண்ணாச்சி?”

அந்த டீயை அவன் மூஞ்சியில் ஊற்றாமல் வந்ததுதான் என் வாழ்நாள் பொறுமை.

வாய்தா

போலீஸில், சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். புரோக்கர் மேல் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனேன். வியாபாரத்துக்குக் கடை வாங்கியவன் நுகர்வோரே இல்லை என்றது எதிர்த்தரப்பு. சொந்தக் கையால் பிழைக்க வாங்கியது என்று மடக்கினார் என் வக்கீலம்மா. ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் பஸ் ஏறிப் போனால், ஒவ்வொரு தடவையும் வாய்தா. பெஞ்சில் கண் சொருகிய என்னைத் தட்டி எழுப்பப் பார்த்த காவலரைக் கோர்ட் குமாஸ்தா தடுத்தார்.

“விடுங்க, அவரு கேஸே தூங்குது, அவரு தூங்குனா என்ன?”

கமிஷனர் வந்த நாள்

இடத்தை நேரில் பார்த்துச் சொல்ல ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டது கோர்ட். புரோக்கர் தரப்பு கேட்ட தேதி, தீபாவளிக்கு மறுவாரம். அதே லீவு, அதே வித்தை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வக்கீலம்மாவிடம் சொன்னேன், கம்பெனி ஓடுகிற நாளாகக் கேட்டு வாங்கினார்.

அன்றைக்கும் புரோக்கர் கூசாமல், அமைதியான இடம் என்று ஆரம்பித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சோதனைக்கு ஒரு சரத்தைக் கொளுத்தினார்கள். கமிஷனரின் கையிலிருந்த பேனா எகிறி விழுந்தது. நிதானமாகக் குனிந்து எடுத்தார். என் மனுவை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார் போல.

“காக்கா கத்தாத இடம்னு சொன்னது இதைத்தானாய்யா?”

தீர்ப்பு இன்னும் வராததால், ராத்திரி தூங்குவதற்காகக் கடை வாங்கிய நான், இந்த ராத்திரியும் பிரஸ்ஸில் துணியை எடுத்து மெஷின் ரோலரைத் துடைக்க ஆரம்பிக்கிறேன்.