விறைத்துப் போன குழாய்

வாலிகண்டபுரத்து ராசாங்கம் அண்ணனைப் பற்றிப் பெரம்பலூரில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. "கலர்ல வெளக்கெண்ண கலந்த ஆளு" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலந்தவர் அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்த எண்ணெய்க்கு முன்னால் கலரில் வேறு என்ன கலந்திருந்தது என்று ஒரு ஆளாவது கேட்டிருப்பானா? அவர் வேலை பார்த்த பெரம்பலூர் சோடாக் கம்பெனிக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவன் நான். முக்கால்வாசி என் கண்ணெதிரே நடந்தது, மீதியை அவரே சொல்லிக் கேட்டேன்.

அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அடுத்தவர் காட்டில்தான் பாடு. வாலிபத்தில் ஒரு பண்ணைக் கிணற்றில் கவலை ஏற்றம் ஓட்டினார். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து இரும்புச் சால் தண்ணீரோடு மேலே வரும். சாலின் அடியில் நீளமாக ஒரு தோல் வால் தொங்கும், தண்ணீர் அதன் வழியாக வாய்க்காலில் விழும். தோல் காய்ந்து விறைத்தால் வெடித்துவிடும் என்பதால் விளக்கெண்ணெய் தேய்த்து ஊறப்போடுவார்கள், மறுநாள் குழந்தையின் கன்னம் மாதிரி ஆகிவிடும். அந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். எழுபதுகளில் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. மாடுகள் சந்தைக்குப் போயின, அவர் சோடாக் கம்பெனிக்கு வந்தார்.

முதலாளி நல்லதம்பி. பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்க்காதீர்கள். அண்ணனைவிட வயதில் இளையவன், ஆனாலும் "ஏ ராசாங்கம்" என்றுதான் கூப்பிடுவான். ஆரஞ்சு, பன்னீர், ஜிஞ்சர் என்று நாங்கள் கலர் என்று சொல்லும் பாட்டில் பானமெல்லாம் அங்கேதான் தயாராகும். சர்க்கரைப் பாகு காய்ச்சி, அதில் எலுமிச்சை உப்பும் எசன்சும் சாயமும் கலந்து, ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் ஊற்றிவிட்டு மெஷினில் காஸ் தண்ணீர் ஏற்றுவார்கள். ஆரம்பத்தில் பாகை ஈயம் பூசிய பித்தளைப் புனலில்தான் ஊற்றினார்கள். புளிப்பு பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும் என்று நம் வீட்டுப் பெண்களில் யாருக்குத் தெரியாது? அதனால் ஈயப் பூச்சு மங்கினால் அண்ணனே பூசுகிறவரைத் தேடிக் கூட்டிவருவார்.

எண்பத்து மூன்றில் நல்லதம்பிக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற ஆட்கள், டூரிங் கொட்டகை, கல்யாண வீடு என்று கலர் கேட்டு ஆள் வந்தபடி இருந்தது. அரியலூர் ஹார்டுவேர் கடையிலிருந்து கண்ணாடி மாதிரி பளபளக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கிவந்தான். பாகு டிரம்மைப் பரண்மேல் ஏற்றிக் குழாயைத் தொங்கவிட்டு, நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் பாட்டிலில் விடுவதுதான் புது ஏற்பாடு. பாகு ஆறும்வரை பொறுக்கவும் மாட்டான், சூட்டோடு டிரம்மில் கொட்டச் சொல்வான். முதல் வாரம் கலரில் ஒரு வாடை வந்தது. புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாடை. "எசன்ச கூடப் போடு, தெரியாது" என்றான் நல்லதம்பி. அப்படியே போட்டார்கள், ஊரும் குடித்தது, நானும் குடித்தேன்.

அந்த வருஷம்தான் அண்ணனின் ஒரே மகள் இருசம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். தாய் வீடு என்பது பெயருக்குத்தான், தாய் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சோறு வைத்தால் வாந்தி, கஞ்சி கொடுத்தாலும் வாந்தி. ஒருநாள் வேலை முடிந்து ஆரஞ்சு கலர் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அது வயிற்றில் தங்கிவிட்டது. மனுஷனுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"தம்பி, எம்புள்ள சிரிச்சிடுச்சு" என்று என் கடையில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து தினமும் வேலைக்காரர்களுக்கென்று தரும் கலரைத் தான் குடிக்காமல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

நாலைந்து மாதத்தில் அந்தக் குழாய் விறைக்கத் தொடங்கியது. புதிதில் கையில் சுருட்டினால் சுருளும், இப்போது மடக்கினால் மடங்கவில்லை, கிள்ளினால் அமுங்கவில்லை. அண்ணன் யோசித்தார். விறைத்ததற்கு வைத்தியம்தான் அவர் கைவசம் இருக்கிறதே! குழாயைக் கழற்றி விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் துடைத்து மாட்டினார். கவலைத் தோலுக்கு வேலை செய்தது இதற்கு ஏன் செய்யாது என்ற நம்பிக்கைதான். குழாய் இளகவில்லை, முன்னைவிட மோசமாகி வெளுத்துப் போனது. பாட்டில் கழுத்தில் எண்ணெய் மிதந்தது. திருமழபாடியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது.

நல்லதம்பி ஆடிய ஆட்டத்தில் பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. "ஏ ராசாங்கம், மாட்டுப் புத்தி மாறுமாய்யா ஒனக்கு? ஊருக்கெல்லாம் பேதி மருந்தா குடுக்கப் பாத்த?" கூட்டம் சிரித்தது. அண்ணன் தலை குனிந்து நின்றார். அரியலூர் போய்ப் புதுக் குழாய் வாங்கி வரச் சொன்னான். அளவு காட்டுவதற்குப் பழைய குழாயில் ஒரு துண்டை வெட்டி மடியில் வைத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் அய்யம்பெருமாள் அந்தத் துண்டைத் தட்டிப் பார்த்தார். "இது நம்ம சரக்குதான். ஏன் இப்புடி ஆச்சு? வெயில்ல போட்டீங்களா?"

"இல்லீங்க. நெழல்லதான் கெடந்துச்சு. இது ஏங்க வெறைக்குது?"

"இந்தப் பிளாஸ்டிக்கு தன்னால வளையாதுங்க. வளையுறதுக்குன்னு எண்ண மாதிரி ஒரு கெமிக்கல் சேப்பாங்க. கம்பெனி ஆளு சொல்லியிருக்காரு. அது போயிட்டா வெறைச்சிடும்."

"போயிட்டான்னா, எங்கங்க போவும்?"

"உள்ள எது ஓடுதோ அதோட போயிடும். சூடு, புளிப்பு, எண்ண பட்டா சீக்கிரம் போவும். ஆமா, இதுல என்ன ஓட்டுனீங்க? இது கொத்தனாருங்க மட்டம் பாக்குற டியூப்பாச்சே?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. குழாய் வாங்காமலே திரும்பிய அண்ணன் நேரே என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "தம்பி, இதுல இருந்தது எங்க போச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. எம்மவ வயித்துக்குப் போயிருக்கு" என்றார்.

எழுந்து கம்பெனிக்குள் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் சொன்னதை ஒன்று விடாமல் நல்லதம்பியிடம் சொல்லிவிட்டு, "பழையபடி புனல்லயே ஊத்திடுறேன் மொதலாளி, குழா வேணாம்" என்றார்.

"இத்தன மாசமா ஊரே குடிக்குது, எவனாச்சும் செத்தானா? நீ எண்ண ஊத்துனதுதான்யா நாறுது" என்றான் அவன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

"செத்தாத்தான் தப்பா மொதலாளி? எம்மவளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

"நான் என்ன டாக்டரா? போய்யா, வேலயப் பாரு."

அண்ணன் வேலையைப் பார்க்கவில்லை. மறுநாளே மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா குழாய்த் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். "இதப் பத்தி நான் எங்கயும் படிக்கலங்க. ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லவும் எனக்குத் தைரியம் இல்ல, செய்யும்னு சொல்லி உங்களப் பயமுறுத்தவும் முடியாது. இனிமே குடுக்காதீங்க" என்றிருக்கிறார். இந்தக் கதையில் உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குழாய் செய்கிறவன் அதில் என்ன போடுகிறோம் என்று தெரிந்துதானே போட்டிருப்பான்? விற்கிறவனுக்குத் தெரிகிறது, வாயில் ஊற்றிக்கொள்கிறவனுக்கு மட்டும் தெரியக் கூடாதா?

ஆஸ்பத்திரியிலிருந்து இருசம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. நிறைமாத வயிற்றோடு நேரே சோடாக் கம்பெனி வாசலில் வந்து நின்றாள். அப்பா கையைப் பிடித்து இழுத்தார், அவள் அசையவில்லை. நல்லதம்பி வெளியே வந்தான்.

"மொதலாளி, எங்கப்பாவுக்கு இது இன்னதுன்னு தெரியாது. தெரியாமத்தான் எனக்குக் குடுத்தாரு. ஒங்களுக்குத் தெரியுங்களா?"

"எனக்கு மட்டும் எப்படிம்மா தெரியும்?" என்று இளித்தான்.

"தெரியாதத எதுக்குங்க அடுத்தவங்க வாயில ஊத்துனீங்க?"

அன்றைக்குக் கூடிய கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நல்லதம்பி உள்ளே போய்விட்டான். ஆனால் அடுத்த வாரமே அதே கடையிலிருந்து அதே மாதிரிப் புதுக் குழாய் வந்தது, கிள்ளுவதற்கு வேறு ஆளும் வந்துவிட்டார். கூடி நின்ற அதே ஜனம்தான் வெயிலுக்கு அங்கேயே போய்க் கலர் வாங்கிக் குடித்தது. அதை நினைத்தால் நல்லதம்பியைவிட இந்த ஊர்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வருகிறது.

அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டுக் கல் உடைக்கப் போனார். இருசம்மாளுக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மலர்க்கொடி என்று பெயர் வைத்தார்கள். கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு சளி பிடித்தால் போதும், நடக்கக் கொஞ்சம் தாமதித்தால் போதும், அண்ணன் வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்று டாக்டரம்மா சொல்வார். இவர் தலையாட்டிவிட்டு, "அதனால இல்லீங்களே?" என்று கேட்பார். அந்த அம்மா மருந்துச் சீட்டை எழுதி நீட்டுவார்.

ஒருமுறை அப்படித் திரும்பும்போது தோளில் தூங்கும் பேத்தியோடு என் கடை வாசலில் நின்றார். "விடுங்கண்ணே, பிள்ளை நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. செஞ்சது பாவம்னு தெரிஞ்சா எங்கயாச்சும் போயி அழுது தீத்துடுவேன். இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியாத் தூங்குவேன். ரெண்டுல எதுன்னு சொல்ல ஒரு ஆளு இல்லாம வச்சிருக்கானுங்களே, அவனுங்கள என்ன செய்யலாம் சொல்லு" என்றார்.